திறப்பது ஆவணத்தில் இல்லை

ஒத்திசைவுப் பிரிவு தொடங்கிய அன்று அலுவலகத்தில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் தராசு கொடுத்தார்கள். இடது தட்டில் ‘ஆவணம்’ என்றும் வலது தட்டில் ‘நிரல்’ என்றும் அச்சடித்திருந்தது. கணினிக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டுமாம். அக்கா கை சும்மா இருக்காமல் இடது தட்டில் சாவிக்கொத்தை வைத்துப் பார்த்தாள். தட்டு அசையவில்லை. வலது தட்டுக்கு மாற்றினாள். அப்போதும் அசையவில்லை. தூக்கித் திருப்பிப் பார்த்தால், முள்ளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

அலுவலகத்தில் அவள் எல்லோருக்கும் அக்காதான். நிரல் எழுதுகிறவர்களில் மூத்தவள், கேட்டால் எரிந்து விழாமல் சொல்லிக்கொடுப்பவள், அதனால் வந்த பெயர். வீட்டில் தம்பி கூப்பிடுவதும் அப்படித்தான். அவர்களுடைய கம்பெனி குளிர்பதனக் கிடங்குகளுக்கு மென்பொருள் செய்தது. காய்கறியும் மருந்தும் அடுக்கி வைக்கிற அந்தப் பெரிய குளிர் அறைகளில் குளிரை எவ்வளவு வைப்பது, கதவை எப்போது பூட்டுவது என்பதெல்லாம் அந்த மென்பொருளின் பொறுப்பு. தம்பிக்கு வேலையும் அப்படி ஒரு கிடங்கில்தான், வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில். மாலை ஷிப்டு. மேலாளர் கிளம்பிப் போனதும் அங்கே அவன் ஒரே ஆள்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓரிடத்தில் கோளாறு தெரிகிறது, இப்போது கை வைக்க நேரமில்லை என்றால், அந்த வரிக்கு மேலேயே ‘இதைச் சரி செய்ய வேண்டும்’ என்று ஒரு குறிப்பு எழுதி வைப்பார்கள். கணினி அந்தக் குறிப்பைக் கண்டுகொள்ளாது. பின்னால் வருகிற மனிதருக்காக எழுதுவது அது. இந்த வேலைகளையெல்லாம் சேர்த்து எழுத நிலுவைப் பட்டியல் என்று தனியாக ஓர் ஆவணமும் இருந்தது. குறிப்பு ஒன்று சொல்லும், பட்டியல் வேறொன்று சொல்லும். முடிந்த வேலை பட்டியலில் நிலுவையில் கிடக்கும். தொடாத வேலைக்கு ‘முடிந்தது’ என்று போட்டிருக்கும். தலைவலிதான், இல்லையென்று யார் சொன்னார்கள்? நாலு பேர் ஒரு மதியம் உட்கார்ந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். நிர்வாகம் ஒரு பிரிவைத் தொடங்கியது.

அந்தப் பிரிவின் தலைவருக்கு முதல் நாளே ‘தராசு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மெலிந்த மனிதர். யாரையும் அதட்டியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. உங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போடுவார். அவர் அறைக்குப் போய்வந்தவர்கள் ஏனோ அன்று முழுவதும் யாருடனும் பேசமாட்டார்கள்.

தராசு ஓர் இயந்திரம் செய்வித்தார். இயந்திரம் என்றால் அதுவும் ஒரு மென்பொருள்தான், ‘ஒப்பு’ என்று பெயர். தினமும் அலுவலகம் முடிகிற வேளையில் ஒப்பு எழுந்துகொள்ளும். மென்பொருள் என்னென்ன செய்யும் என்று எழுதி வைத்த ஆவணத்தை ஒரு கையிலும் நிரலை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்க்கும். நிரலில் இருந்து ஆவணத்தில் இல்லாதது எதுவானாலும் அழித்துவிடும். அழித்த கையோடு புதிய நிரலை எல்லாக் கிடங்குகளுக்கும் அனுப்பிவிட்டு, ஊழியர்கள் எல்லோருடைய கைபேசிக்கும் ஒரு செய்தி போடும்: ‘ஆவணமும் நிரலும் ஒன்று. நன்றி.’

அப்புறம் தூய்மை வாரம் வந்தது. அந்த வாரம் நிலுவைப் பட்டியலை மொத்தமாகத் துடைத்தார்கள். பட்டியல் போனதும் நிரலில் இருந்த குறிப்புகளை ஒப்பு பார்த்துக்கொண்டது. கடைசி நாள் பெரிய கூடத்தில் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் ஒரு பெரிய பூஜ்யம்.

தராசு ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பேசினார். “நிலுவைங்கிறது என்ன? யாரோ ஒருத்தர் எழுதி வெச்சதுதானே. எழுதலைன்னா நிலுவை இல்லை. இத்தனை வருஷமா நாம வேலையை முடிச்சு நிலுவையைக் குறைக்கப் பார்த்தோம். எவ்வளவு சிரமம்! எவ்வளவு செலவு! இனிமே நம்ம கம்பெனியில செய்ய வேண்டியதுன்னு ஒண்ணுமே கிடையாது. இந்த நிலையை நாம காப்பாத்தணும். புதுசா யாரும் எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்னு அன்போட கேட்டுக்கறேன்.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அக்கா கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அழிந்துபோன குறிப்புகளில் அவள் எழுதியதும் ஒன்று. ‘கரன்ட் போய்த் திரும்பி வந்தால், உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்க்காமல் கதவு பூட்டிக்கொள்கிறது. உடனே சரி செய்ய வேண்டும்.’ அதற்கு நேரம் கேட்டு அவள் நடையாய் நடந்திருக்கிறாள். திரையின் நிறத்தை மாற்றுகிற வேலை முதலில் முடியட்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் காலை யாரிடமும் கேட்காமல் உட்கார்ந்து அந்தக் கோளாறைச் சரி செய்தாள். மதியத்துக்குள் புதிய நிரல் கிடங்குகளுக்குப் போய்விட்டது. அப்பாடா என்று வீட்டுக்குப் போனாள். அடுத்த நாள் திறந்து பார்த்தால் அவள் எழுதிய வரிகளைக் காணோம். கரன்ட் போய்வருவதைப் பற்றி ஆவணத்தில் ஒரு வரியும் இல்லை என்று ஒப்பு எடுத்துவிட்டது. மறுபடி எழுதினாள், மறுபடி போயிற்று. பகலெல்லாம் கதவுக்குப் புத்தி இருக்கும். பொழுது சாய்ந்தால் போய்விடும். தம்பிக்கோ மாலை ஷிப்டு.

பக்கத்து இருக்கைக்காரர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். அவர் தன் தராசைத் துணியால் துடைத்தபடியே சொன்னார்: “எதுக்கும்மா வம்பு? பூஜ்யம் பூஜ்யமாவே இருக்கட்டும். நானும் ஒரு காலத்துல உன்னை மாதிரி துள்ளினவன்தான்.”

“என் தம்பி அங்க வேலை பார்க்கறான் சார்.”

அவர் துடைப்பதை நிறுத்தினார். மேலே இருந்த கேமராவை ஒருமுறை பார்த்துவிட்டு மீண்டும் துடைக்க ஆரம்பித்தார்.

அக்கா தராசின் அறைக்குப் போனாள். அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கரன்ட் போவது, வருவது, கதவு, உள்ளே ஆள். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

“உட்காருங்கம்மா, உட்காருங்க. எவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடிச்சிருக்கீங்க! ஆவணத்துல என்ன இருக்கு பாருங்க.” திரையை அவள் பக்கம் திருப்பினார். ‘உள்ளே ஆள் இருந்தால் கதவு பூட்டாது’ என்று இருந்தது. “ஆவணம் பூட்டாதுங்குது. நிரல் பூட்டுது. ரெண்டும் ஒத்துப்போகலை. இத்தனை நாள் ஒப்பு கண்ணுக்கே தப்பிச்சிருக்கு.”

“ஆமா சார்! அதைத்தான் சார் சொல்றேன்.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதரைப் போய் என்னென்னவோ நினைத்தோமே என்று வருந்தக்கூடச் செய்தாள்.

“இப்பவே சரி பண்ணிடலாம்,” என்றார் தராசு. விசைப்பலகையை அருகில் இழுத்து, ‘பூட்டாது’ என்பதை அழித்துவிட்டு ‘பூட்டும்’ என்று அடித்தார். சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்த்தார். “பாருங்க. ஒரு நிமிஷ வேலை. இதுக்குப் போயி நீங்க நாள் கணக்கா நிரலைத் திருத்திக்கிட்டு இருந்தீங்களே.”

“சார்... ஆள் செத்துடுவாங்க சார்.”

“அது கிடங்கோட பொறுப்பும்மா. ஆவணத்துல தெளிவா எழுதியிருக்கே, பூட்டும்னு. நாம எதையும் மறைக்கலையே?” என்று எழுந்து கதவுவரை வந்து வழியனுப்பினார்.

நிர்வாக இயக்குநருக்கு அவள் நீளமாக ஒரு கடிதம் எழுதினாள். உடனே பதில் வந்தது. அவளுடைய அக்கறைக்கு நன்றி, கடிதம் மேல்நடவடிக்கைக்காக ஒத்திசைவுப் பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது.

திருத்திய ஆவணம் எல்லாக் கிடங்குகளுக்கும் போயிற்று. தம்பி வேலை பார்க்கிற கிடங்கின் மேலாளர் அதை அழகாகச் சட்டம் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

“அக்கா, உங்க கம்பெனிக்காரங்க ஒழுங்கானவங்கதான்,” என்றான் தம்பி சாப்பிட்டுக்கொண்டே. “கொல்லப் போறோம்னு முன்னாடியே எழுதிக் குடுத்துடறாங்க.”

“விளையாடாதடா. உள்ள போகும்போது கதவுக்கு ஏதாவது முட்டுக் குடுத்து வை.”

“வெச்சாச்சு. உடைஞ்ச பழப்பெட்டி ஒண்ணு கெடைச்சுது. அதுதான் இப்ப என் உயிர்த் தோழன்.”

“எதுக்கும் போனைக் கையிலயே வெச்சுக்கோ.”

“உள்ள போன் எடுக்காதுக்கா. செவுரு அவ்வளவு தடிமன். உள்ள போனா நான் உலகத்துலயே இல்லைன்னு அர்த்தம்.” அம்மா அவன் தலையில் ஒரு தட்டு தட்டி, சாப்பிடும்போது பேசுகிற பேச்சா இது என்றாள்.

இதற்கிடையில் வேறொரு கிடங்கிலிருந்து கம்பெனிக்கு ஒரு புகார் வந்தது. பகலில் கரன்ட் போய்வந்தபோது, உள்ளே ஆள் இருந்தும் கதவு பூட்டவில்லை. ஆவணத்தில் பூட்டும் என்றிருக்கிறது. இது என்ன தரம் என்று கேட்டிருந்தார்கள். பூட்டாததற்குக் காரணம், காலையில் அக்கா விடாமல் எழுதிவந்த வரிகள். பொருளின் தரத்தைக் கெடுத்ததற்காக அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். நிரலைத் தொடும் உரிமையைப் பறித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு வேலை, தராசுகளில் தூசி படிந்திருக்கிறதா என்று பார்த்து வருவது. இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அவளுடைய சக ஊழியர் யாரும் சிரிக்கவில்லை.

புகாரோடு விட்டுவிட முடியுமா? கதவு உண்மையிலேயே பூட்டுகிறதா என்று நேரில் போய்ச் சோதிக்கத் தராசு முடிவு செய்தார். பக்கத்தில் இருப்பது தம்பியின் கிடங்குதான். கோளாறைக் கண்டுபிடித்தவர் என்ற மரியாதைக்காக அக்காவையும் காரில் ஏற்றிக்கொண்டார். பின் இருக்கையில் அவள் மடியில் இரண்டு கைகளையும் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் அவர் தன் மகளின் பாட்டு வகுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

கிடங்கில் மேலாளர் கைகட்டி நின்றார். சோதனைக்காகத் தம்பியைப் பகலிலேயே வரவழைத்திருந்தார். தராசு முதலில் பழப்பெட்டியைப் பார்த்தார்.

“இது என்ன?”

“கதவுக்கு முட்டு சார்,” என்றான் தம்பி.

“ஆவணத்துல பெட்டி இருக்கா?”

மேலாளர் சட்டத்துக்குள் இருந்த தாளைப் படித்துப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினார். பெட்டி தராசின் காருக்குப் போயிற்று.

“உள்ள ஒரு ஆள் நிக்கணுமே,” என்றார் தராசு. “தம்பி, கொஞ்சம் உதவி பண்றீங்களா?”

“வேண்டாம் சார்,” என்றாள் அக்கா. “ஆள் வேணும்னா நான் நிக்கிறேன்.”

“நீங்க எங்க ஊழியர்மா. உங்களை வெச்சுச் சோதிச்சா அது நியாயமா இருக்காது.”

தம்பி அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான். மேலாளர் மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றினார். கூடத்து விளக்குகள் அணைந்து எரிந்தன. குளிர் அறையின் கதவுக்குள் கனமாக ஏதோ நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. தராசு தாளில் ஒரு குறி போட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“பூட்டுது. பிரமாதம்.”

“இப்பத் திறங்க,” என்றாள் அக்கா.

மேலாளர் கதவின் எண்பலகையில் எண்களை அழுத்தினார். இத்தனை நாளும் பெட்டியே கதவைப் பிடித்துவைத்திருந்ததால் அவற்றுக்கு வேலை வந்ததில்லை. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். உள்ளே இருந்து திறக்க ஒரு பச்சைப் பொத்தான் உண்டு. தம்பி அதை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அதற்கும் கதவு அசையவில்லை. எங்கோ ஆழத்திலிருந்து வருவதுபோல் உள்ளே தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

தராசு ஆவணத்தை முன்னும் பின்னும் புரட்டினார். “திறக்கிற முறை... ஆமா. அந்தப் பக்கத்துல வெறும் படமாத்தான் இருந்தது. பொத்தானுக்கு ஒரு படம், எண்பலகைக்கு ஒரு படம். படத்தை ஒப்புவால படிக்க முடியாது. அதனால தூய்மை வாரத்துல அந்தப் பக்கத்தை எடுத்தோம். பக்கம் போனதும் நிரல்ல இருந்த அந்தப் பகுதியும் போயிருக்கும். சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு.” விரலால் ஒரு வரியைத் தொட்டார். “இதோ இருக்கே. ‘காலையில் சரக்கு இறக்கும் நேரத்தில் கதவு தானே திறக்கும்.’ திறக்காதுன்னு யார் சொன்னது?”

“காலையில உள்ள எது இருக்கும் சார்?” என்று கத்தினாள் அக்கா.

“அதைப் பத்தி ஆவணத்துல இல்லையேம்மா.”

அவள் அதற்குமேல் நிற்கவில்லை. ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். கரன்ட் இல்லாவிட்டால் பூட்டுக்குப் பிடிமானம் இல்லை. இது ஆவணத்தில் இல்லாவிட்டாலும் இரும்புக்குத் தெரியும். இருட்டில் எல்லோரும் சேர்ந்து கதவை இழுத்தார்கள். தம்பி வெளியே வந்தான். மூக்கு நுனி சிவந்திருந்தது, உதடு நடுங்கியது.

“உள்ள ஏசி பரவாயில்லைக்கா,” என்றான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள்.

தராசு மட்டும் சங்கடத்தோடு பேனாவைப் பிடித்தபடி நின்றார். “ஆள் வெளியே வந்துட்டாரே. இதை எந்த வரியில சேர்க்கிறது? தம்பி, கோவிச்சுக்காம ஒரு நிமிஷம் திரும்ப உள்ள போறீங்களா? பதிவு சரியா இருக்கும்.”

தம்பி கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். தராசு அதையும் ஆவணத்தில் தேடியிருப்பார், அதற்குள் மேலாளர் குளிர்பானம் கொண்டுவந்துவிட்டார். கிளம்புவதற்குமுன் தராசு மெயின் சுவிட்சை மறுபடி ஏற்றி, அந்தப் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போடச் சொல்லி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். யார் வேண்டுமானாலும் இறக்கலாம் என்றால் சோதனைக்கு மதிப்பில்லை அல்லவா?

“இன்னிக்கு வேலைக்குப் போகாத,” என்றாள் அக்கா வாசலில். “வேலையே வேண்டாம். விட்டுடு.”

“விட்டுட்டு? நீயும் அங்க தூசி தட்டிக்கிட்டு இருக்க. ரெண்டு பேரும் வீட்டுல உட்கார்ந்தா அம்மா நம்மளை அடுப்புல வெச்சுடுவாங்க.”

“அப்ப குளிர் ரூமுக்குள்ள மட்டும் போகாதடா. என் மேல சத்தியம் பண்ணு.”

“போகலை. வெளிய நாற்காலி போட்டு உட்கார்ந்துடறேன். போதுமா?”

“லாரி வந்தா?”

“வந்தா வாசல்லயே இறக்கச் சொல்றேன். நாளைக்கு வேற வேலை பார்க்கறேன். அழாதக்கா, கார் டிரைவர் எல்லாம் பார்க்கறாரு.” அவள் கையிலிருந்து தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு கிடங்குக் கூடத்துக்குப் போனான்.

அன்று பொழுது சாயும் வேளையில் தெருவில் கரன்ட் போயிற்று. எதிர்வீட்டில் தொலைக்காட்சி பாதி வசனத்தில் நின்றது. பிள்ளைகள் எல்லாம் ‘ஓ’வென்று கத்திக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள். அம்மா மெழுகுவர்த்தியைத் தேடி ஏற்றினாள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஊரில் மற்றவர்கள் எல்லோரும் கரன்ட் எப்போது வருமென்று காத்திருந்தார்கள். அவள் மட்டும் வரக்கூடாது, இப்போது வரக்கூடாது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே தம்பியின் எண்ணை அழைத்தாள்.

மணி அடித்தது. அவன் எடுத்தான். “சொல்லுக்கா. வெளியதான் இருக்கேன்.”

“கரன்ட் போயிடுச்சுடா. அங்கயுமா?”

“இங்கயும்தான். தக்காளி லாரி வேற வந்துடுச்சு. டிரைவர் இருட்டுல வாசல்லயே எறக்கிட்டுப் போயிட்டான். கெட்டுப் போனா என் சம்பளத்துல பிடிப்பேன்னு மேனேஜர் போன்ல குதிக்கிறாரு.”

“கிடந்து கெடட்டும். உள்ள போகாத.”

“கரன்ட் இல்லாதப்பதான்க்கா கதவு திறந்தே இருக்கு. இப்ப போனாத்தான் உண்டு. நாலு பெட்டிதான், ஓடிப்போய் வெச்சுட்டு வந்துடறேன்.”

“டேய்...”

அவன் வைத்துவிட்டான். அவள் திரும்ப அழைக்க எண்ணை அழுத்துவதற்குள் தெரு விளக்கு ஒருமுறை துடித்துவிட்டு எரிந்தது. எதிர்வீட்டுத் தொலைக்காட்சி பேச ஆரம்பித்தது. தெருவெல்லாம் பிள்ளைகள் குதித்துக் கூவினார்கள்: “கரன்ட் வந்துடுச்சு! கரன்ட் வந்துடுச்சு!” யாரோ கைதட்டினார்கள்.

கையில் கைபேசி அதிர்ந்தது. தம்பிதான் என்று பாய்ந்து பார்த்தாள். அலுவலகச் செய்தி. ‘ஆவணமும் நிரலும் ஒன்று. நிலுவை எதுவும் இல்லை. நன்றி.’

தம்பியை அழைத்தாள். இந்த முறை மணி அடிக்கவில்லை. பதிவு செய்து வைத்த ஒரு பெண்குரல், நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று பணிவாகச் சொன்னது.

அவள் செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்குப் பாய்ந்தாள். அம்மா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஏய், கரன்ட்தான் வந்துடுச்சே. இப்பப் போயி எங்கடி ஓடுற?”